செவுரு ஏறாத மிஷினு

வாங்க தம்பி, வாங்க. செருப்பை அந்த ஓரத்துல விட்டுருங்க. நீச்சல்குளத்தைச் சுத்திச் செருப்புப் போட்டு நடக்கக் கூடாதுன்னு சர்க்குலர் இருக்குது. நான் போட்ட சர்க்குலர்தானுங்க. நான்தான் இங்க செக்ரட்டரி, நாச்சிமுத்து, ஏ பிளாக் நூத்தி நாலு. உங்க கம்பெனிக்குப் பதினோரு மெயில் போட்டது நான்தான். பன்னண்டாவது மெயிலுக்கு உங்களை அனுப்பியிருக்காங்க. பரவால்ல, வந்து சேந்துட்டீங்கல்ல.

தம்பிக்கு எந்த ஊரு? மெட்ராஸா. செரி, செரி. டீ வேண்டாமா? செரி. குளம் கழுவற அந்த மிஷினோட ஃபில்டரை இப்பத் தொறக்காதீங்க, மொதல்ல கதையைக் கேட்டுட்டுத் தொறங்க. டாக்டருகூட நாக்கை நீட்டச் சொல்றதுக்கு முந்தி என்னாச்சுன்னு கேக்கறாருல்ல.

நமக்கு நேரம் கம்மி. சாயந்திரம் நாலு மணிக்கு அசோசியேஷன் மீட்டிங். அதுல உங்க ரிப்போர்ட்டை வெச்சுத்தான் ஒரு ஆளை வேலையை விட்டு எடுக்கோணும். தீர்மானம் டைப் அடிச்சாச்சு, இந்தா, இந்த ஃபைல்ல இருக்குது பாருங்க. 'நீச்சல்குளப் பராமரிப்பாளர் திரு. மருதாசலம் அவர்கள் வேண்டுமென்றே செய்த அலட்சியம் காரணமாக.' நானே எழுதினது. அதோ, பம்ப் ரூம் வாசல்ல நிக்கறான் பாருங்க, ஊதாச் சட்டை, அவன்தான் மருதாசலம். இன்னைக்கு இந்த மிஷினைத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். சாட்சியைக் கலைச்சுட்டான்னா? அதுக்காகத்தான்.

அவன் குடியிருக்கற ரூமும் அசோசியேஷன் ரூமுதான், ஜெனரேட்டருக்குப் பின்னால. வேலை போச்சுன்னா ரூமும் போச்சு. பொண்டாட்டி, எட்டாவது படிக்கற ஒரு பொட்டப்புள்ள. எனக்கும் பாவமாத்தான் இருக்குது. ஆனா பாவம் பாத்தா செவுரு சுத்தமாகுங்களா?

நான் மில்லுல மெயின்டனன்ஸ் பாத்தவன் தம்பி. ஸ்பின்னிங் மில்லு, முப்பத்தஞ்சு வருசம். எந்த மிஷினும் சும்மா மக்கர் பண்ணாது. ஒரு காரணம் இருக்கும். அது இல்லை, இது இல்லைன்னு ஒவ்வொண்ணாக் கழிச்சுட்டே வரோணும். கடைசில ஒண்ணு கழிக்க முடியாம நிக்கும். அதுதான் ஃபால்ட்டு. அப்படிக் கழிச்சுக் கழிச்சுத்தான் நான் மருதாசலத்துகிட்ட வந்து நிக்கறேன். எனக்கு அவன் மேல என்ன கோவம்?

மொதல்ல இருந்து சொல்றேன். இந்த மிஷினை வாங்கோணும்னு சொன்னதே நான்தான். ஆவணி மாச மீட்டிங்கு. நாப்பத்தெட்டு வீட்டுக்காரங்களும் உக்காந்திருக்காங்க. பி பிளாக்குல அர்த்தநாரி வாத்தியார்னு ஒருத்தர், ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. அவரு எந்திரிச்சு, 'தண்ணிக்குள்ள ஓடற மிஷினு செவுரு ஏறும்ங்கறீங்களே, நீங்க கண்ணால பாத்தீங்களா'ன்னாரு. வீடியோல பாத்தேன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கறதுக்கு அதுல என்னங்க இருக்குது? உங்க கம்பெனி வீடியோதான?

மிஷினு வந்துச்சு. கொழந்தைங்க அதுக்கு ஆமைன்னு பேரு வெச்சாங்க. மொத ரெண்டு வாரம் என்னமா ஏறுச்சுங்கறீங்க! தரையெல்லாம் சுத்தீட்டு, செவுத்துகிட்ட வந்து, மூக்கைத் தூக்கி, கடகடன்னு மேல வந்து, தண்ணி மட்டத்துல நின்னு தேச்சுட்டு எறங்கும். வாத்தியாரு பால்கனில நின்னு பாப்பாரு. நான் அவரைப் பாக்காத மாதிரி நின்னுக்குவேன்.

அப்ப மருதாசலம் என்ன பண்ணிட்டிருந்தான்? கையில பிரஷ்ஷை வெச்சுக்கிட்டு செவுத்தைத் தேச்சுட்டிருந்தான். மிஷினு ஒரு பக்கம் தேய்க்குது, இவன் ஒரு பக்கம் தேய்க்கறான். அதுவும் எங்க? இந்தப் படிக்கட்டுப் பக்கம் மட்டும். சனிக்கிழமை காலைல எட்டு மணிக்குக் குத்த வெச்சான்னா பத்து மணி வரைக்கும் இதே நாலடி எடத்தைத் தேய்ப்பான். ரெண்டு வருசமா இதே பொழப்பு. வேலைக்குப் போக்குக் காட்டறதுன்னா இதுதான். நான் ரிமார்க்கே எழுதியிருக்கேன், 'ஒரே இடத்தில் நேரம் கடத்துகிறார்'னு.

கூப்புட்டுச் சொன்னேன். ஏம்பா, நீயும் தேச்சா மிஷினு தானா ஏறுதா, நீ ஏத்தி விடறியான்னு எப்படிக் கண்டுபுடிக்கறதுன்னேன். புரட்டாசி ஒண்ணாந்தேதியிலிருந்து செவுத்துல யாரும் கை வெக்கக் கூடாதுன்னு சர்க்குலர் போட்டு, பிரஷ்ஷை வாங்கி ஆபீஸ் பீரோவுல பூட்டிட்டேன். அவன் என்னமோ சொல்ல வந்த மாதிரி வாயைத் தொறந்தான், அப்பறம், 'செரிங்க சார்'னு போயிட்டான்.

பூட்டின அந்த வாரமே மிஷினு செவுரு ஏறலை தம்பி. அந்த வாரமே! உங்களுக்கே வெளங்குதா, இல்லியா?

எப்படி ஏறலைங்கறீங்களா? செவுத்துகிட்ட வரும். மூக்கைத் தூக்கும். ஒரு முழம் ஏறும். நிக்கும். நிக்கறதைப் பாத்தா யோசிக்கற மாதிரி இருக்கும். அப்பறம் அப்படியே சறுக்கிக் கீழ போயி உக்காந்துக்கும். மறுக்கா வரும். மறுக்கா சறுக்கும். மூணு மணி நேரம் இதையே பண்ணிட்டு, வேலை முடிஞ்சதுன்னு பச்சை லைட்டுப் போட்டுக்கும். அது ஒண்ணுதாங்க எனக்கு ஆத்தரம். வேலை செய்யாம இருந்தாக்கூடப் பரவால்ல, செஞ்சேன்னு சொல்லுது பாருங்க.

நான் விடலை. கழிச்சேன். மொதல்ல உங்க பொஸ்தகத்துல இருக்கற பட்டனைப் பாத்தேன், தரைக்கு மட்டும்னு ஒண்ணு இருக்குதே, அது மாறிக் கெடக்குதான்னு. மாறலை. அப்பறம் கேபிளு முறுக்கிட்டு இருக்குதோன்னு மொட்டை மாடில வெயில்ல நீட்டிப் போட்டேன். அதுலயும் ஒண்ணுமில்லை. உள்ளுக்குள்ள காத்து நின்னா மெதக்கும், ஏறாதுன்னு நீங்க போன்ல சொன்னீங்களே, தண்ணிக்குள்ள வெச்சு ரெண்டு பக்கமும் ஆட்டி ஆட்டிக் குமிழி போற வரைக்கும் பாத்தாச்சு. ஐப்பசில ரெண்டு பிரஷ்ஷு ரோலரையும் புதுசா மாத்தினோம். மாத்தின அன்னைக்கும் அதே முழம்தான் ஏறுச்சு.

அப்பறம்தான் லாக் புக் போட்டேன். தெனமும் பத்து மணிக்கு மிஷினை எறக்கறது, ஏறுச்சா இல்லையான்னு எழுதறது. இங்க பாருங்க, எந்த வாரத்தை வேணாலும் எடுத்துக்குங்க. சனி, ஏறவில்லை. ஞாயிறு, ஏறவில்லை. திங்கள், பாதி. செவ்வாய், பாதி. புதன், முக்கால். வியாழன், ஏறியது. வெள்ளி, ஏறியது. மறுக்கா சனி, ஏறவில்லை. ஒம்போது வாரம் தம்பி, ஒரு வாரம்கூட மாறலை. இதுல இருந்து உங்களுக்கு என்ன தெரியுது?

தெரியலையா? ஞாயித்துக்கிழமை மருதாசலத்துக்கு லீவு. லீவுக்கு முந்தின நாளு என்னமோ பண்ணி வெச்சுட்டுப் போறான். இன்னொண்ணு. ஆழமான பக்கம் எல்லா நாளும் நல்லாத்தான் ஏறுது. இந்தப் படிக்கட்டுப் பக்கம்தான் சறுக்குது. படிக்கட்டு எங்க இருக்குது? பம்ப் ரூமுக்கு நேரா இருக்குது. பம்ப் ரூம் சாவி யாருகிட்ட இருக்குது? அவ்வளவுதாங்க. மில்லா இருந்தா நான் அன்னைக்கே மெமோ குடுத்திருப்பேன்.

என்ன பண்றான்னா, பாசியை வளத்தறான். செவுத்தைத் தொட்டா வழவழங்குது. ஃபில்டரைத் தொறந்தா பச்சைப் பசேல்னு கொழ கொழன்னு வருதுன்னு அவனே சொல்றான். நான் ஃபில்டரைத் தொட்டதில்லை, அது அவன் வேலை. பாசின்னா குளோரினை எச்சாப் போடுன்னேன். போட்டான். கொழந்தைங்க கண்ணெல்லாம் செவந்து போச்சு. அடுத்த சனிக்கிழமை மறுக்கா பச்சை. இன்னும் போடுன்னேன். அப்பத்தான் வாயைத் தொறந்தான், 'இது பாசி இல்லைங்க சார்'னு. பாசி இல்லாட்டி வேற என்னப்பான்னேன். செரி, என்ன இருந்தாலும் எழுத்துல குடுன்னேன். இங்க எல்லாமே எழுத்துலதான். வாயில சொன்னா நாளைக்கு இல்லைம்பாங்க.

மக கையெழுத்துல ஒரு லெட்டர் கொண்டாந்து குடுத்தான். படிக்கறேன் கேளுங்க. 'ஐயா, சனிக்கிழமை தோறும் பெரியவர் ஒருவர் எண்ணெய் தேய்த்து நமது குளத்தில் குளிப்பதால் சுவரில் வழுக்கல் ஏற்படுகிறது. தாங்கள் தயவுசெய்து அவரிடம் எடுத்துச் சொல்லும்படிப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' பேரு இல்லை. பாருங்க, பேரு எழுதாமக் குடுக்கறான்.

ஆனா நான் சும்மா இருக்கலை. பெரியவர்ன்னா யாரு? குளத்துக்கு வர்ற பெரியவர் இந்த அப்பார்ட்மெண்டுல ஒருத்தர்தான், அர்த்தநாரி வாத்தியார். நோட்டீஸ் அனுப்பினேன். அவருக்குத் தலையில ஒத்த முடி கெடையாது, அது எனக்கும் தெரியும், ஆனா எண்ணெ உடம்புக்கும் தேய்க்கலாமில்லீங்க. மூணு பக்கத்துக்குப் பதில் எழுதிட்டாரு. நான் புதன்கிழமை மட்டும்தான் நீந்துவேன், எனக்கு எண்ணெயே ஆகாது, தும்மல் வரும், உங்க மேல மான நஷ்ட வழக்குப் போடுவேன்னு. அன்னைக்கு இருந்து குளத்துப் பக்கமே வர்றதில்லை. அவரு வராம நின்ன பொறகும் மிஷினு ஏறலை. அப்ப வாத்தியாரும் கழிஞ்சுட்டாரு. மிச்சம் யாரு? லெட்டர் குடுத்தவன்தான். பழியைத் திருப்பி விடப் பாத்திருக்கான்.

என்ன கேட்டீங்க? சோப்பு, ஷாம்பு ஏதாச்சும் போட்டுட்டு எறங்கறாங்களான்னா? சான்சே இல்லை. சர்க்குலர் இருக்குது. சன்ஸ்கிரீன் தடவிட்டு வந்த சி பிளாக் பொண்ணை நானே திருப்பி அனுப்பியிருக்கேன். கெமிக்கலு பாருங்க, தண்ணிக்கு ஆகாது. என்னையே எடுத்துக்குங்க. நானும் இங்கதான் தண்ணி வாத்துக்கறேன், சனிக்கிழமை சனிக்கிழமை. இன்னைக்கும் காலைல ஆறரைக்கு வாத்துட்டுத்தான் வந்து உக்காந்திருக்கேன், தலை இன்னும் ஈரம். ஆனா ஒரு பொட்டு சோப்புப் போட மாட்டேன். அரப்புத்தான். அரப்புன்னா உங்க ஊருல தெரியாது. உசிலை மரத்து எலையைக் காய வெச்சு இடிச்ச பொடி. எண்ணெ தேச்சா நாங்க அதைத்தான் கரைச்சுத் தலைக்குப் போடுவோம். சுத்தமான தழை. அதுல என்ன கெமிக்கலு இருக்குது?

எண்ணெயா? நல்லெண்ணெதான். அது தண்ணில எறங்காதுங்க, அரப்புப் போட்டா எண்ணெ எல்லாம் அதோட போயிரும், ஒடம்புல ஒரு சொட்டுத் தங்காது. எங்க போகுமா? போயிரும் தம்பி. போறதை யாரு பாத்துட்டு இருக்காங்க?

ஊட்டுல வாத்துக்கலாம்தான். ரெண்டு வருசத்துக்கு முந்தி பாத்ரூம்ல எண்ணெயோட வழுக்கி விழுந்துட்டேன். இடுப்புல அடி. மகன் பெங்களூர்ல இருக்கான், இனிமே ஊட்டுக்குள்ள எண்ணெ தேய்க்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டான். இங்கன்னா புடிச்சுக்கக் கம்பி இருக்குது. அது ஒண்ணு. இன்னொண்ணு, என்ற ஊட்டுக்காரி ராமாத்தா இருந்தப்ப அவதான் முதுகுக்கு அரப்புத் தேச்சு விடுவா. அவ போன பொறகு ஊட்டுக்குள்ள எண்ணெ தேச்சு உக்காந்தா அழுகை வந்துருது. இங்க வெட்டவெளில உக்காந்தா வர்றதில்லை. சாஞ்சு உக்காந்து, வானத்தைப் பாத்துட்டு, ரெண்டு சொம்பு மொண்டு ஊத்திக்கிட்டா அந்த வாரம் ஓடீரும். எனக்கு இருக்கறது அந்த ஒரு மணி நேரம்தான் தம்பி. அதை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க.

நான் நீந்தறதில்லைங்க. அந்தப் படில உக்காந்துக்குவேன், அவ்வளவுதான். அதைக் குளத்துல குளிக்கறதுன்னு சொல்ல முடியாது.

செரி, இப்பத் தொறங்க ஃபில்டரை. நான் பிடிக்கோணுமா? நானா? ஆமா, அவனைத் தொடக் கூடாதுன்னு நான்தான சொன்னேன். குடுங்க. சட்டைல சிந்தீராம. அட கெரகமே, எத்தனை பச்சை! இன்னைக்குக் காலைல ஓட்டினது மட்டுமா இது? களி கிண்டின மாதிரி இருக்குது. பாத்தீங்களா, பாசி. நான் சொன்னேன்ல? இதை அப்படியே போட்டோ புடிச்சு ரிப்போர்ட்டுல ஒட்டுங்க.

என்னங்க? பாசி வாசம் வரலையா? பின்ன என்ன வாசம்? கீரை மாதிரியா? மெட்ராஸ்காரங்களுக்குப் பச்சையா இருந்தா எல்லாம் கீரைதான். இப்படிக் கொண்டாங்க, நான் மோந்து பாக்கறேன்.

இருங்க.

சித்த இருங்க தம்பி.

இது பாசி இல்லை.

யாரோ அரப்பைக் கொண்டாந்து கொட்டியிருக்காங்க. அரப்புத்தான், கண்ணைக் கட்டிட்டுக் குடுத்தாலும் நான் சொல்லீருவேன். எண்ணெப் பிசுக்கோட உருண்டு உருண்டு நிக்குது பாருங்க. யாரா இருக்கும்? கழிச்சுப் பாக்கலாம். சி பிளாக்குல எல்லாம் ஐ.டி. கம்பெனிப் பசங்க, ஷாம்புதான் போடுவாங்க. பி பிளாக்குல வடநாட்டுக்காரங்க எச்சு, அரப்புன்னா என்னன்னே தெரியாது. வாத்தியாருக்கு முடியே இல்லை, அரப்பை வெச்சு என்ன பண்ணுவாரு? ஏ பிளாக்குல மேல் மாடி பூட்டிக் கெடக்குது. நடு மாடி டாக்டரம்மா வீடு, பாட்டில்ல என்னமோ வாங்கிப் போடறாங்க. கீழ நூத்தி ஒண்ணு காலி. நூத்தி ரெண்டு காலி. நூத்தி மூணுல புதுசாக் கல்யாணம் ஆனவங்க, எண்ணெ தேய்க்கற ஜாடையே இல்லை.

தம்பி, துணி ஏதாச்சும் இருக்குதுங்களா? கையைத் தொடைக்கோணும்.

என்னைப் பாக்காதீங்க. தெரியுது. நான்தான். வேற ஆளு இல்லை.

உக்காந்துக்கறேன். சித்த தண்ணி குடுங்க.

சனிக்கிழமை. படிக்கட்டு. பெரியவர் ஒருவர். ஒம்போது வாரமா நானே லாக் புக்கு எழுதியிருக்கேன், நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். மில்லுல ஒரு அப்ரண்டீஸ் இப்படிக் கணக்குப் பண்ணியிருந்தா வெளிய தொரத்தியிருப்பேன். வெக்கமா இருக்குது தம்பி. எழுபத்தொரு வயசுல இப்படி ஒரு வெக்கம்.

ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. ரிப்போர்ட்டுல பிரஷ்ஷு தேஞ்சு போச்சுன்னு எழுத முடியுங்களா? அப்படி எழுதினா அவன் வேலையும் போகாது, என்ற பேரும் போகாது. ஆமா, ஐப்பசிலதான் மாத்தினோம். ஆமா, போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினதும் நான்தான். மோட்டாரு? மோட்டாரு நல்லா இருக்குதா. நல்ல மிஷினுதான். நான் அதைக் கொறை சொல்லவே இல்லையே.

மருதாசலம்! இங்க வா. கிட்ட வா. தொடலாம், தொடலாம், நான்தான் சொல்றேன்ல. இது என்னன்னு தெரியுதா உனக்கு? எத்தனை நாளாத் தெரியும்? ரெண்டு வருசமாவா. அப்ப நீ சனிக்கிழமை சனிக்கிழமை எட்டு மணிக்குக் குத்த வெச்சு உக்காந்து தேச்சது... ம். நான் எந்திரிச்சுப் போனதும் நீ வந்து தேச்சிருக்கே. ரெண்டு வருசமா. நான் உனக்கு ரிமார்க் எழுதியிருக்கேன். அடப்பாவி, ஏம்பா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?

கேட்டீங்களா தம்பி? 'எழுத்துல குடுத்தனுங்க சார்'ங்கறான்.

குடுத்தான். 'அவரிடம் எடுத்துச் சொல்லும்படி'ன்னு தெளிவாத்தான் எழுதியிருக்குது. நான் போயி வாத்தியாரைப் புடிச்சுட்டேன். பேரைப் போட்டிருக்கலாமில்லப்பா? என்ன? செக்ரட்டரி பேரைப் போட்டு செக்ரட்டரிக்கே எப்படிங்க சார் எழுதறதா? ஆமா. எழுத முடியாதுதான். நான் அதைக் கிழிச்சுப் போட்டிருப்பேன்.

செரி, விடு. முடிஞ்சது முடிஞ்சு போச்சு. பிரஷ்ஷை எடுத்துத் தர்றேன். நாலு மணி மீட்டிங்குல உன்ற தீர்மானம்தான் அஞ்சாவது ஐட்டம், அது ஒத்திவைக்கப்படுகிறதுன்னு ஒரே வரி படிச்சுட்டு ஆறாவதுக்குப் போயிர்றேன், லிப்ட் பிரச்சனை வந்ததும் எல்லாரும் அதுல சண்டை போடுவாங்க, ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. நீயும் யாருகிட்டயும் சொல்லாதே. போயி ஊட்டுல சொல்லு, ரூமைக் காலி பண்ண வேண்டாம்னு.

ஏன் நிக்கறே? உன்ற பொண்டாட்டி கோகிலா ஊட்டுல இல்லையா? எங்க போயிருக்குது?

எதுக்கு ஸ்கூலுக்கு?

டி.சி. வாங்கவா. அதுக்குள்ளயா? மீட்டிங்கே இன்னும் நடக்கலையேப்பா! ஆமா, டைப் அடிச்ச காப்பியை நேத்தே உங்கிட்டக் குடுத்துட்டேன், முன்னறிவிப்புக் குடுக்கோணும்னு. காங்கயத்துல மாமியா ஊட்டுக்குப் போறதா? புள்ளை என்ன சொல்லுச்சு? நேத்து ராத்திரி சோறு திங்கலையா. அது எழுதின லெட்டரைத்தான நான் ஃபைல்ல போட்டு வெச்சிருக்கேன்.

மணி என்னாச்சு தம்பி? பதினொண்ணரையா. சனிக்கிழமை ஸ்கூல் ஆபீஸ் பன்னண்டு வரைக்கும் இருக்கும். பதிவேட்டுல பேரை அடிச்சுட்டாங்கன்னா, மறுக்கா சேக்கறதுக்கு எங்கெங்க போயி நிக்கோணும்னு எனக்குத் தெரியும். மருதாசலம், போனைப் போடு. வாங்காதேன்னு சொல்லு. என்னன்னு சொல்றதா? செரி, இப்படிக் குடு.

அம்மிணி, நான் செக்ரட்டரி பேசறேன். இல்லை இல்லை, அவனுக்கு ஒண்ணும் ஆகலை, பக்கத்துலதான் நிக்கறான். நீ அந்த டி.சி.யைக் கையில வாங்காதே. கையெழுத்துப் போடச் சொல்றாங்களா? போடாதே. பேனாவைக் கீழ வெய்யி. ரூமைக் காலி பண்ண வேண்டீதில்லை. ஏன்னா, செவுத்துல இருந்தது பாசி இல்லை அம்மிணி. அரப்பு. உனக்கும் தெரியுமா. செரி. உன்ற மகளுக்கும் தெரியுமா. ஆமா, அவதான எழுதுனா. ஆமா, நான் போட்ட அரப்புத்தான். தப்பு என்னோடது. உன்ற ஊட்டுக்காரன் மேல ஒரு தப்பும் இல்லை.

என்னது? கேக்கலை. தம்பி, அந்த மோட்டாரைச் சித்த நிறுத்துங்க. இப்பச் சொல்லு அம்மிணி.

தலையைக் குனியாதே மருதாசலம், உன்ற பொண்டாட்டி செரியாத்தான் கேக்கறா. இதை நாலு பேரு முன்னால சொல்லுவீங்களா சார், இல்லை போன்ல மட்டும்தானாங்கறா. போன்ல மட்டும்னா, அடுத்த மாசம் வேற ஒரு காரணம் சொல்லி அனுப்பீருவீங்க, நான் இப்பவே டி.சி.யை வாங்கிக்கறேன்ங்கறா. கிளார்க்கு எதுக்க நின்னுட்டிருக்காராம். என்னன்னு கேக்கறாராம்.

இரு அம்மிணி. வெச்சுராதே. யோசிக்கலை, மூச்சு வாங்குது, அவ்வளவுதான்.

சொல்றேன். அஞ்சாவது ஐட்டமா இல்லை, மொத ஐட்டமா. நாப்பத்தெட்டு வீட்டுக்காரங்க முன்னால, வாத்தியாரு முன்னால, அரப்பு என்னோடதுன்னு சொல்றேன். நீ புள்ளையைக் கூட்டிட்டு நேரா மீட்டிங்குக்கு வந்துரு. எப்பவும் மீட்டிங்குல டீ குடுக்கற மாதிரி பின்னால டிரேயைப் புடிச்சுட்டு நிக்க வேண்டாம். மொத வரிசையில ரெண்டு நாற்காலி போட்டு வெக்கறேன், வந்து உக்காந்து கேளுங்க.